பதவி என்ற இடத்தில் என்ன எழுதுவது

திருத்தணி
9.1.2024

அன்புத் தங்கை பெபிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். மடத்தில் எல்லோரும் உன்னை சிஸ்டர் மரிய தயா என்று அழைத்தாலும் எனக்கு நீ பெபிதான். மதர் இதைப் பிரித்துப் படித்தால் என்னை மன்னிக்கச் சொல். இங்கே நானும், தம்பி ஆல்பினும், கெசியாவும் பிள்ளைகளும் சுகம். மார்கழிப் பனியில் உன் இருமல் எப்படி இருக்கிறது?

போன ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து மேலாண்மைக் கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர் நம் பேக்கரிக்கு வந்தார்கள். சிறிய ஊர்களில் குடும்பத் தொழில்கள் எப்படி நடக்கின்றன என்று ஆய்வு செய்கிறார்களாம். ஆல்பினை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் கல்லாப் பக்கம் திரும்பி, "எக்லெஸ் பன் எப்பக்கா ஆரம்பிச்சோம்?" என்பான். "ரெண்டாயிரத்து ஏழு, ஆடிக் கிருத்திகைக்கு" என்பேன். "தனி அடுப்பு ஏன் போட்டோம்?" "முருகனைக் கும்புட வர்றவங்க, முட்டை பட்ட தட்டுல வெச்சதை வாங்க மாட்டாங்கடா." இப்படியே போயிற்று.

போன வாரம் அந்த ஆய்வு அச்சாகி வந்தது. ஆறாம் பக்கத்தில், 'பக்தர்களின் மனத்தை உணர்ந்த உரிமையாளர் திரு. ஆல்பின் தனி அடுப்பு அமைத்தார்' என்று இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், 'குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி கல்லாவில் உதவுகிறார்' என்று ஒரு வரி. அது நான்தான்.

மூன்று முறை படித்தேன். முதலில் எனக்குக் கோபம் வரவில்லை, பெபி. ஆச்சரியம்தான் வந்தது. இவ்வளவு படித்தவர்கள் கேள்வியைக் கேட்டார்கள், பதிலையும் எழுதிக்கொண்டார்கள். பதில் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. நான் செய்திருந்தால் குறித்திருப்பேன் என்று தோன்றியது. அன்றிலிருந்து அந்த நினைப்பு என்னை விடவில்லை.

மேலாண்மையில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். தொலைதூரக் கல்வியில் படித்த எம்.பி.ஏ. செல்லும் என்று விசாரித்துவிட்டேன். வயது நாற்பத்து மூன்று. சிரிக்காதே. எனக்காக வேண்டிக்கொள்.

உன் அக்கா
லில்லி


கார்மேல் மடம்
28.1.2024

என் அக்காவுக்கு,

இயேசுவின் பெயரால் வணக்கமும் அன்பும். உன் கடிதம் கண்டு மகிழ்ந்தேன். இருமல் குறைந்திருக்கிறது. இந்த வருஷம் என்னை நற்கருணை அப்பம் சுடும் அறையில் போட்டிருக்கிறார்கள். சூடு நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது. உன் மூட்டுவலி எப்படி? நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே.

நான் சிரிக்கவில்லை அக்கா. ஓய்வு நேரத்தில் மற்ற சிஸ்டர்களிடம் சொன்னேன், எல்லோரும் கை தட்டினார்கள். வயதான சிஸ்டர் ஒருவர், "டாக்டர் என்றால் என் கண்ணைப் பார்ப்பாளா?" என்று கேட்டார். அது வேறு டாக்டர் என்று விளக்க வெகுநேரம் ஆயிற்று.

எனக்குச் சில கேள்விகள். எத்தனை வருஷம் ஆகும்? முடித்த பிறகு என்ன செய்வாய்? கடையில் யார் இருப்பார்கள்? ஆல்பின் என்ன சொன்னான்?

பிப்ரவரி பதினான்கில் தவக்காலம் தொடங்குகிறது. உனக்குத் தெரியுமே, அதன்பிறகு ஈஸ்டர் வரை இங்கிருந்து கடிதம் வராது. அதற்குள் எழுது.

ஜெபத்தில் உன்னை நினைக்கும்
பெபி


திருத்தணி
6.2.2024

அன்புள்ள பெபி,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலிக்குக் கெசியா ஏதோ எண்ணெய் வாங்கித் தந்தாள். வாடை கடை முழுக்க வீசியதால் நிறுத்திவிட்டேன்.

பகுதி நேரமாகப் படித்தால் ஐந்து வருஷம். வாரத்தில் இரண்டு நாள் சென்னை ரயில், மற்ற நாள் கடை. முடிக்கும்போது நாற்பத்தெட்டு. முடிக்காவிட்டாலும் நாற்பத்தெட்டுதானே ஆகும்.

மதியம் இரண்டு முதல் நான்கு வரை கடையில் கூட்டம் இருக்காது. அப்போது படிக்கிறேன். முதல் ஆங்கிலக் கட்டுரையை முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. இரண்டாவதற்கு நான்கு நாள். மூன்றாவதைப் படிக்கும்போது, எழுதியவர் ஒரு இடத்தில் தப்பாகச் சொல்கிறார் என்று பென்சிலால் கோடு போட்டேன். அன்றைக்கு வந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது?

என்ன ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று ஐந்து பக்கம் எழுதித் தர வேண்டும். குடும்பத் தொழிலை நடத்துகிற, ஆனால் எந்தப் பத்திரத்திலும் பெயரில்லாத அக்காமார், மருமகள்கள், விதவைகள்: இவர்கள்தான் என் விஷயம். போன ஞாயிறு பூசை முடிந்து பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். தேவயானி என்று ஒரு பெண்மணி பதினாறு தறிகள் உள்ள கூடத்தை நடத்துகிறார். வெளியே பலகையில் மைத்துனர் பெயர். "ஏம்மா, உங்க பேர் இல்லையே?" என்று கேட்டேன். "ஆங், அது இன்னாத்துக்கு? ஊருக்கே தெரியுமே" என்றார். பிறகு அவரே, "பேங்க்குக்குத்தான் தெரியாது" என்றார். அந்த ஒரு வரிக்காக இன்னும் பத்து முறை போகலாம்.

விண்ணப்பத்தோடு வேலை செய்யும் இடத்திலிருந்து அனுபவச் சான்றும் தடையில்லாச் சான்றும் வைக்க வேண்டும். வேறு விசேஷம் இல்லை. தவக்காலத்தில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

லில்லி


கார்மேல் மடம்
4.4.2024

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி நம் வீட்டில் நிறையட்டும். நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தை நாற்பது நாளும் என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தேன். ஆல்பினைப் பற்றிக் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் வேறு தலைப்பு எடுத்தால் என்ன? பொதட்டூர்பேட்டை லுங்கி எந்தெந்த ஊருக்குப் போகிறது, கிருத்திகை நாளில் மலையடிவாரக் கடைகள் எப்படிச் சமாளிக்கின்றன, இப்படி எத்தனையோ இருக்கின்றன. குடும்பத்துக்குள் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கிளறினால் எல்லோர் மனமும் புண்படும். நம்மைப் பெற்ற நைனா இப்போது இல்லை. கடையை ஏன் ஆல்பின் பேருக்கு எழுதினார் என்று அவரால் சொல்ல முடியாது.

யோசித்துப் பார்.

பெபி


திருத்தணி
17.4.2024

பெபிக்கு,

நலம். நீயும் நலமாயிருப்பாய் என நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை. இருபத்தொரு வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் தவிர நான் போகாமல் இருந்ததில்லை. நீ ஒருத்தியாவது என் பக்கம் நிற்பாய் என்று நினைத்திருந்தேன்.

ஆல்பின் என்ன சொன்னான் என்றுதானே கேட்டாய்? எழுதுகிறேன்.

மார்ச் பதினொன்றாம் தேதி சான்றிதழ் அடிக்க நாங்கள் இருவரும் ஜெகநாதன் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். பெயர், முகவரி, சேர்ந்த வருஷம் எல்லாம் அடித்துவிட்டு ஜெகநாதன், "பதவி இன்னா போடணும்?" என்று கேட்டார்.

ஆல்பின் என்னைப் பார்த்தான். "இன்னாக்கா போடறது? அசிஸ்டென்ட்னு போட்டுக்கலாமா?"

"இருபத்தோரு வருஷமா அசிஸ்டென்ட்டாடா?"

"அப்போ கேஷியர்?"

"மைதா வாங்கறது யாரு? மாஸ்டருக்கு லீவு குடுக்கறது யாரு? லைசென்ஸுக்கு அலைஞ்சிகினு இருக்கறது யாரு?"

"நீதான். யாரு இல்லன்னாங்க?"

"அப்போ நிர்வாகின்னு போடு."

அவன் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "நீ நிர்வாகின்னா, அப்போ நான் யாருக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் வெடுக்கென்று ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்து பைக்கில் போய்விட்டான். இன்றோடு முப்பத்தேழு நாள். நானும் கேட்கவில்லை, அவனும் பேசவில்லை. கெசியாதான் எங்கள் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டையும் சேதியையும் கொண்டுவந்துகொண்டிருக்கிறாள்.

நைனா ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கும் தெரியாது. தெரியாததைத்தானே ஆராய்ச்சி செய்ய வேண்டும்? தலைப்பை மாற்ற மாட்டேன்.

லில்லி


கார்மேல் மடம்
26.5.2024

என் லில்லி அக்காவுக்கு,

இரக்கமுள்ள தேவன் நம் இருவருக்கும் துணை நிற்கட்டும். உன் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட இன்று எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். கடைசியில் மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? உன் அக்காவிடம் சொல்" என்றார்.

2010 மே மாதம் உனக்கு நினைவிருக்கும். நான் மடத்துக்குப் போகக் கூடாது என்று ஆல்பின் ஒற்றைக் காலில் நின்றான். அப்போது சென்னையில் அவன் வேலையும் போய் வீட்டில் இருந்தான். பெற்றவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் இங்கே சேர்க்க மாட்டார்கள். நைனாவோ, "ஆல்பின் ஒத்துக்கினா நான் கையெழுத்து போடறேன்" என்றார். மாதக்கணக்கில் இதே பேச்சு.

ஒரு நாள் நீ மாவு விஷயமாக அரக்கோணம் போயிருந்தாய். நைனா என்னைக் கூப்பிட்டு, "கடையை லில்லி பேருக்கு எழுதலாம்னு இருக்கேன். அவதான் பாத்துக்கினு இருக்கா. நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

நான், "ஆல்பின் பேருக்கு எழுதுங்க நைனா. லில்லி அக்கா கல்யாணமாகிப் போயிடுவா" என்றேன்.

அது பொய் அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று நீ முடிவு செய்திருந்தது எனக்குத் தெரியும். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாய். நைனாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே என்று கேட்டிருந்தாய். உன் ரகசியத்தைக் காப்பாற்றுகிற சாக்கில் உனக்கு எதிராகவே அதைப் பயன்படுத்தினேன்.

அன்று சாயங்காலமே ஆல்பினிடம் போய், "நான் சொல்லித்தான் நைனா உன் பேருக்கு எழுதப் போறாரு. இனிமே என்னைத் தடுக்காதே" என்றேன். அவன் தடுக்கவில்லை. என் பெட்டியை அவனே ரயிலடி வரை தூக்கி வந்தான். நீ பிளாட்பாரத்தில் அழுதுகொண்டு நின்றாய்.

இந்த மடத்தின் கதவை உன் பேக்கரியைக் கொடுத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் நான். தலைப்பை மாற்றச் சொன்னது நைனாவுக்காக இல்லை. எனக்காக.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. தெரிய வேண்டியது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பெபி


திருத்தணி
30.6.2024

பெபிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். நீ நலமாக இருக்கவும்.

சான்றிதழ் வரவில்லை. அதனால் முழு நேரத்துக்கு விண்ணப்பித்தேன். அதற்கு யாருடைய சான்றும் வேண்டாம். ஜூன் 16 எழுத்துத் தேர்வு. தேறிவிட்டேன். நேர்காணல் ஜூலை 29, திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் ஆடிக் கிருத்திகை.

மழை ஒரு நாள் பெய்தது.

லில்லி


கார்மேல் மடம்
10.7.2024

அன்புள்ள அக்கா,

இறைவன் உன் வழியில் முன்னே செல்வாராக. தேறியதற்கு இங்கே எல்லோரும் நன்றிப் பாடல் பாடினோம். ஏன் பாடுகிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரியும். நான் உனக்கு என்ன செய்தேன் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

போன கடிதத்தில் நான் எழுதியதை உன் ஆய்வில் பயன்படுத்திக்கொள்ளலாம். மதரின் அனுமதியும் உண்டு. நீ பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இருபத்தொன்பதாம் தேதி காலை ஆறு மணி முதல் சிற்றாலயத்தில் உனக்காக முழங்காலில் இருப்பேன்.

பெபி


திருத்தணி
20.8.2024

அன்புத் தங்கை பெபிக்கு,

தேவ கிருபை உன்னோடிருக்கட்டும். இருமல் இல்லாமல் இருக்கிறாயா? அதை முதலில் எழுது. நான் நன்றாக இருக்கிறேன்.

பெரிய கடிதமாக எழுத வேண்டும் என்று தள்ளிப் போட்டேன். இன்று உட்கார்ந்துவிட்டேன்.

கிருத்திகைக்கு முந்தின நாள் ஆல்பினிடம், "நாளைக்கு நான் கடைக்கு வர முடியாது. நேர்காணல் இருக்குது" என்றேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நாளைக்காக்கா?" என்று மட்டும் கேட்டான். காலை ரயிலில் நான் சென்னைக்குப் போக, எதிரே வந்த வண்டிகளில் எல்லாம் மஞ்சள் வேட்டியும் காவடியுமாக ஜனம் நம் ஊருக்கு வந்துகொண்டிருந்தது.

அறையில் மூன்று பேர். "சொந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதினால் ஒருதலைப்பட்சமாக ஆகாதா?" என்று கேட்டார்கள். "பன்னிரண்டு குடும்பங்களை எடுத்திருக்கிறேன். என் குடும்பம் கடைசி. மற்றவர்களிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறேனோ அதையே என்னிடமும் கேட்பேன்" என்றேன். கடைசியில் ஓரத்தில் இருந்த பேராசிரியர் அம்மா கேட்டார். "கடை உங்களுக்கே வந்திருந்தா, நீங்க இந்தக் கேள்வியோட இங்க வந்திருப்பீங்களா?"

உன் கடிதம் என் பையில்தான் இருந்தது, பெபி. நான், "வந்திருக்க மாட்டேன்மா" என்றேன். "அப்போ தராம விட்டது நல்லதா?" என்றார். "இல்லைங்க. தராதது தப்புதான். அதனால எனக்கு ஒண்ணு தெரிஞ்சுது, அவ்வளவுதான். அதுக்காக அந்தத் தப்பு சரியாயிடாது" என்றேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார். உன் பேச்சை அங்கே நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் ஸ்டேஷனிலிருந்து கடை வரை நடக்கவே இடமில்லை. அவ்வளவு கூட்டத்திலும் நம் கடையில் எக்லெஸ் பக்கம் மட்டும் துணி போட்டு மூடியிருந்தது. ஆல்பின் மாவுப்பையோடு நின்றுகொண்டிருந்தான். காலையிலேயே தட்டுகள் கலந்துவிட்டனவாம். எதில் முட்டை, எதில் இல்லை என்று தெரியவில்லை. சாமிநாதன் மாஸ்டர், "அக்கா இருந்தா ஒரு பார்வையில சொல்லிடும்" என்றாராம்.

"தெரியாம குடுத்துடலாம்னு மாஸ்டர் சொன்னாருக்கா. விரதம் இருந்து நடந்து வந்தவங்களுக்கு சந்தேகத்தோட விக்க எனக்கு மனசு வரல. மூடிட்டேன்" என்றான்.

வருஷத்திலேயே பெரிய வியாபார நாள். அவன் செய்தது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதை அவனிடம் சொன்னேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த சர்டிபிகேட் இன்னும் வேணுமாக்கா? நிர்வாகின்னே போட்டுத் தரேன்" என்றான்.

"வேணாம்டா. முழு நேரத்துக்குப் போட்டுட்டேன்."

"அப்படின்னா?"

"இனிமே கடைக்கு வர மாட்டேன்."

அவன் அப்படியே மைதா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். வாங்க வந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கெசியா போய்க் கல்லாவில் நின்றாள்.

ஆகஸ்டு எட்டாம் தேதி முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது, பெபி. அந்தப் பேராசிரியர் அம்மாதான் நெறியாளர். செப்டம்பர் இரண்டில் சேர வேண்டும். இந்த மாதம் முழுக்கக் கெசியாவுக்கு எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்கிறேன். அவள் பெயரையும் சேர்த்துப் பத்திரம் எழுது, இல்லாவிட்டால் காட்டித் தர மாட்டேன் என்று ஆல்பினிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். போன வெள்ளி இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போய் வந்தார்கள். அவன் இன்னும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக ஒரு மேசை விளக்கு வாங்கி என் அறையில் வைத்திருந்தான்.

இனி உன் விஷயம். ஜூன் மாதம் உன்னைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. பன்னிரண்டு நாள் ஜெபமாலையைத் தொடவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பேனா எடுத்தேன், வரவில்லை. இன்றும் கோபம் இருக்கிறது. கோபத்தோடேயே உனக்கு எழுதுகிறேன், எழுதாமல் இருப்பதைவிட இது மேல்.

ஒன்று மட்டும் திருத்த வேண்டும். கடையைக் கொடுத்துக் கதவைத் திறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுத்தது நைனா. கேட்டுக்கொண்டது நீ. வாங்கிக்கொண்டது ஆல்பின். வாய் திறக்காமல் அடுத்த நாளும் வேலைக்குப் போனது நான். நாலு பேர், பெபி. எல்லாப் பழியையும் நீயே எடுத்துக்கொண்டால் என் ஆய்வில் பாதி காணாமல் போய்விடும்.

நவம்பரில் உன்னைப் பார்க்க வரலாமா? ஆய்வுக்காகக் கேள்விகள் கொண்டுவருவேன். பதிவு செய்ய ஒரு கருவியும் கொண்டுவர வேண்டும். மதரிடம் கேள். ஆய்வில் எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் போடுவோம், உனக்கும் வேறு பெயர் வைத்துவிடுகிறேன். பயப்படாதே.

உன் அக்கா
லில்லி


கார்மேல் மடம்
3.9.2024

என் அன்பு அக்காவுக்கு,

ஆண்டவருக்கு நன்றி, உனக்கு என் வணக்கம். இருமல் இல்லை. முதலில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். நேற்று நீ சேர்ந்திருப்பாய். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மூட்டுக்கு மாடிப்படி ஆகாது, கீழ் அறையாகக் கேட்டு வாங்கு.

கோபத்தோடு எழுதுகிறேன் என்ற வரியைப் பலமுறை படித்தேன். நீ வழக்கம்போல் 'எல்லாம் நலம்' என்று எழுதியிருந்தால் நான் பயந்திருப்பேன். இப்போது பயம் இல்லை.

மதர் அனுமதி தந்துவிட்டார். நவம்பர் 9, சனிக்கிழமை, காலை பத்து மணி. வழக்கமாக அரை மணி நேரம்தான். உனக்கு இரண்டு மணி நேரம் தந்திருக்கிறார். பார்லர் என்கிற பார்வையாளர் அறையில் நடுவில் கம்பித் தடுப்பு இருக்கும். கருவியை என் பக்கம் நீட்டிவை, என் குரல் இங்கே வந்த பிறகு சிறுத்துவிட்டது. நீ எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். சொல்லத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்வேன்.

நீ கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேறு பெயர் வைக்காதே. பெபி என்றே போடு.

உன் வரவை எதிர்பார்க்கும்
பெபி